மூன்று நாள் வேலை என்று ஒத்துக்கொண்ட பட்டியல்

இணையப் பக்கத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. அதிலுள்ள வரிகளைப் பிடித்து மேலே கீழே இழுத்து வரிசையை மாற்ற வேண்டும். யாராவது உங்களிடம் இப்படிக் கேட்டு, நீங்களும் "மூன்று நாளில் முடித்துத் தருகிறேன்" என்று சொல்லப் போகிறீர்கள் என்றால், அதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் அப்படிச் சொன்னவன். 15,000 ரூபாய்க்கு ஒத்துக்கொண்ட அந்த வேலை முடிய இரண்டரை மாதம் ஆனது. நடுவில் இரண்டு பெரிய தவறு நடந்தது. கைக்காசு போனது, வேறொரு வேலையும் கைவிட்டுப் போனது. அப்போது யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து நாலு வார்த்தை சொல்லியிருந்தால் பாதி தவிர்ந்திருக்கும்.

நான் மதுரையில் தனியாக வெப் வேலை செய்கிறேன். சிவகாசியில் ஒரு ஆஃப்செட் அச்சகத்துக்கு அதற்கு முந்தின வருடம் பிஎச்பி என்ற நிரல்மொழி, மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தளம் வைத்து ஜாப் பதிவேடு ஒன்று செய்து கொடுத்திருந்தேன். ஜாப் என்றால் அச்சுக்கு வரும் ஒவ்வொரு வேலை. சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்று புது காலண்டர் ஆல்பம் வெளியிடுவார்கள். அன்றிலிருந்து அடுத்த வருட காலண்டருக்கு ஆர்டர் வர ஆரம்பித்துவிடும். அப்புறம் மார்கழி வரைக்கும் மெஷின் நிற்காது. அந்த மாதங்களில் எந்த ஜாப் முதலில் மெஷினில் ஏறுவது என்பது ஒரு நாளைக்கு நாலைந்து தடவை மாறும். பேப்பர் வந்து சேர்ந்திருக்காது, பார்ட்டி, அதாவது ஆர்டர் கொடுத்தவர், ப்ரூஃப் என்ற மாதிரித் தாளைப் பார்த்து ஓகே சொல்லியிருக்க மாட்டார், அல்லது ஒரே அளவுத் தாள் என்பதால் இரண்டு ஜாப்பை அடுத்தடுத்து ஓட்டினால் நேரம் மிச்சமாகும். என் பதிவேட்டில் ஒவ்வொரு ஜாப்புக்கும் வரிசை எண் என்று ஒரு கட்டம் வைத்திருந்தேன். பன்னிரண்டாவதாக இருக்கும் ஜாப்பை மூன்றாவதாகக் கொண்டுவர வேண்டுமென்றால் நடுவிலுள்ள எண்களை எல்லாம் கையால் மாற்ற வேண்டும். 2024 ஆடிப்பெருக்கு முடிந்த வாரம் முதலாளி போன் செய்தார். "தம்பி, பேரன் போன்ல பாட்டு லிஸ்ட்டை விரலால தள்ளி மேல கீழ மாத்துறான். நம்ம ஜாப் லிஸ்ட்டுக்கும் அது மாதிரி போட்டுக் கொடுங்க." "சரிங்க அண்ணாச்சி, மூணு நாள் வேலை" என்றேன். அவர் பேரன் விரலால் தள்ளுகிறான் என்று சொன்னதில் எனக்குத் தேவையான தகவல் முழுக்க இருந்தது. அது என் காதில் விழவில்லை. நான் மவுஸை நினைத்துக்கொண்டேன்.

பிரவுசரே தருகிற இழுவை வசதி ஒன்று, இணையப் பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல்5-இல் இருக்கிறது. வரியில் 'டிராகபிள்' என்று ஒரு குறிப்பைச் சேர்த்தால் போதும், அதைப் பிடித்து இழுக்கலாம். பிடித்த வரி மவுஸோடு கூடவே வந்தது. ஆனால் விட்டதும் பழைய இடத்துக்கே ஓடிப்போனது. பக்கத்தில் ஏதாவது நடந்தால் பிரவுசர் நிரலுக்குச் சொல்லும் செய்திக்கு நிகழ்வு என்று பெயர். இறக்கும் நிகழ்வுக்கு நான் எழுதிய நிரல் ஓடவே இல்லை. அரை நாள் அதிலேயே போனது. காரணம் இதுதான்: ஒரு இடத்தில் இறக்கலாம் என்று நாம் அனுமதி கொடுக்காதவரை பிரவுசர் இறக்க விடாது. அந்த அனுமதியைக் கொடுக்கும் வழி, 'டிராக்ஓவர்' என்ற நிகழ்வில் பிரவுசரின் வழக்கமான செயலைத் தடுப்பது. தடுத்தால்தான் அனுமதி என்பது முதல் தடவை படிக்கிறபோது யாருக்கும் தலைகீழாகத்தான் தெரியும். அடுத்து, வரிக்குள் இருக்கும் படம், எழுத்து, பொத்தான் ஒவ்வொன்றின் மேல் மவுஸ் போகும்போதும் 'உள்ளே வந்தது', 'வெளியே போனது' என்று நிகழ்வுகள் மாறி மாறி வந்து, இறக்கும் இடத்தைக் காட்டும் கோடு படபடவென்று துடித்தது. உள்ளே வந்ததையும் வெளியே போனதையும் எண்ணிக்கொண்டிருப்பதை விட்டுவிட்டு, மவுஸ் அந்த வரியின் நடுக்கோட்டுக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் துடிப்பு நின்றுவிடும். வரிக்குள் படமோ இணைப்போ இருந்தால் அவற்றுக்கு இழுவையை அணைத்து வையுங்கள். அவை இயல்பாகவே இழுபடக் கூடியவை, வரியை விட்டுவிட்டு அவை தனியாகக் கிளம்பிவிடும்.

இரண்டாம் நாள் சாயங்காலம் என் லேப்டாப்பில் எல்லாம் அழகாக ஓடியது. குரோமிலும் பார்த்தேன், ஃபயர்ஃபாக்ஸிலும் பார்த்தேன். மூன்றாம் நாள் பஸ் ஏறி சிவகாசி போனேன். ஆபீஸ் கம்ப்யூட்டரில் அண்ணாச்சிக்குக் காட்டினேன், சந்தோஷப்பட்டார். "கீழ சூப்பர்வைசர்ட்ட காட்டுங்க, அவருதான் மாத்துவாரு" என்றார். மெஷின் ஓடும் இடத்துக்குப் போனேன். சூப்பர்வைசர் அண்ணன் இடது கையில் போனைப் பிடித்துக்கொண்டு, இங்க் படிந்த வலது கட்டை விரலை வேட்டி ஓரத்தில் துடைத்துவிட்டு, முதல் ஜாப்பின் மேல் வைத்து இழுத்தார். பக்கம் முழுவதும் மேலே போனது. மறுபடி இழுத்தார். மறுபடி பக்கம் போனது. அவர் போனை என்னிடம் நீட்டி, "நீங்களே செஞ்சு காட்டுங்க தம்பி" என்றார். எனக்கும் வரவில்லை. மெஷின் சத்தத்துக்கு நடுவில் நாலைந்து பேர் பார்த்துக்கொண்டிருக்க நான் அந்தப் போனைத் தேய்த்துக்கொண்டு நின்றதை இப்போது நினைத்தாலும் முகம் சூடாகிறது.

அன்றிரவு தேடிப் படித்த பிறகுதான் புரிந்தது. இந்த இழுவை வசதி 1999-இல் மைக்ரோசாஃப்ட்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5-இல் வந்தது. அதைப் பார்த்துத்தான் பிற்பாடு எச்டிஎம்எல்5-இல் விதியாக எழுதினார்கள். அது உருவான காலத்தில் விரலால் தொடுகிற போன் பரவலாக வந்திருக்கவில்லை. ஐபோனில் ஐஓஎஸ் 15 வரும்வரை இணையப் பக்கத்தில் இது வேலையே செய்யவில்லை, ஆண்ட்ராய்டிலும் பழைய பதிப்புகளில் அதே நிலைதான். புதிய பதிப்புகளில் அழுத்திப் பிடித்தால் நகர்கிறது. ஆனால் அழுத்திப் பிடிக்க வேண்டும் என்று யார் சொல்லித் தருவது? அண்ணனின் போன் பழையது. லேப்டாப்பில் பிரவுசரைப் போன் அளவுக்குச் சுருக்கி வைத்துச் சோதித்திருந்தேன். அளவு சின்னதாகத் தெரிந்ததே தவிர அங்கே இழுத்தது மவுஸ்தான். ஆகவே முதலில் கேட்க வேண்டியது: இதை யார் நகர்த்தப் போகிறார், எந்தப் போனில், நின்றுகொண்டா உட்கார்ந்துகொண்டா? அந்தப் போனைக் கையில் வாங்கிப் பார்க்காமல் நாள் கணக்கு சொல்லாதீர்கள்.

அடுத்து நான் செய்ததுதான் காசு போகக் காரணமானது. அவசரத்தில், எனக்கு ஏற்கெனவே பழக்கமான ஜேக்வெரி யுஐ என்ற தயார் நிரல் தொகுப்பின் வரிசை மாற்றும் கருவியைப் போட்டேன். அது மவுஸ் நிகழ்வுகளை மட்டும்தான் கேட்கும். விரல் தொடுதலை மவுஸ் நிகழ்வாக மாற்றித் தர 'டச் பஞ்ச்' என்ற சின்ன நிரல் ஒன்று உண்டு, அதையும் சேர்த்தேன். போனில் ஜாப் நகர்ந்தது. போனிலேயே வீடியோ எடுத்து அனுப்பினார்கள், எல்லோருக்கும் திருப்தி. ஆனால் இந்த முறையில் ஒரு ஜாப்பின் மேல் விரல் பட்டு அசைந்தாலே அது இழுவைதான். பக்கத்தைத் தள்ளிப் பார்ப்பதற்கும் ஜாப்பை நகர்த்துவதற்கும் வித்தியாசம் அதற்குத் தெரியாது. திரை முழுக்க ஜாப்களாகவே இருக்கும் பட்டியலில் பக்கத்தைத் தள்ள வெறும் இடம் எங்கே இருக்கிறது? கீழே என்ன இருக்கிறது என்று பார்க்கத் தள்ளியவர், தனக்கே தெரியாமல் வரிசையை மாற்றிக்கொண்டிருந்தார். பத்தாம் நாள், ஐந்தாவது இடத்தில் ப்ரூஃப் ஓகேவுக்காகக் காத்திருந்த ஒரு நகைக்கடை காலண்டர் ஜாப் இரண்டாவது இடத்துக்கு வந்துவிட்டது. மெஷின்மேன் பட்டியலை நம்பி ஏற்றிவிட்டார். நாலு பிளேட் (அச்சுத் தகடு), 2,000 ஆர்ட் பேப்பர் ஷீட் வீண். கடையின் போன் நம்பரில் ஒரு எண் தப்பு என்று பார்ட்டி திருத்தம் அனுப்பியிருந்தார், அந்தத் திருத்தம் போடாத தாள் அது. அண்ணாச்சி சத்தம் போடவில்லை. "தம்பி, யாரு மாத்துனான்னு உங்க சிஸ்டம்ல பார்க்க முடியுமா?" என்று மட்டும் கேட்டார். பார்க்க முடியாது. நான் அப்படி எதையும் பதிவு செய்யவில்லை. சூப்பர்வைசர் அண்ணன் தான் மாற்றவில்லை என்று சத்தியம் செய்தார். பாவம், அவர் சொன்னதும் உண்மைதான். என் நிரல் அவரைப் பொய்யர் போலக் காட்டிவிட்டது. காசு போனதைவிட அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. எனக்குத் தர வேண்டிய தொகையில் 11,500 ரூபாயைக் கழித்துக்கொள்ளச் சொன்னேன்.

அந்த வாரமே ஜேக்வெரி கருவியைத் தூக்கிவிட்டு, சார்ட்டபிள் ஜேஎஸ் என்ற நூலகத்துக்கு (இதுவும் தயார் நிரல் தொகுப்புதான்) மாறினேன். அது விரலையும் தெரிந்துகொள்ளும், கூடவே எந்த ஜேக்வெரியும் தேவையில்லை. முக்கியமான மாற்றம் நூலகத்தில் இல்லை, பிடியில் இருக்கிறது. வரி முழுவதையும் இழுக்க விடாமல் ஒரு ஓரத்தில் மூன்று கோடு போட்ட பிடி ஒன்றை வைத்தேன். பிடியைத் தொட்டால்தான் ஜாப் நகரும், மற்ற இடத்தில் தொட்டால் பக்கம் நகரும். இதோடு, பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்-இல் 'டச்-ஆக்‌ஷன்' என்ற பண்பைப் பிடிக்கு மட்டும் 'நன்' (none, அதாவது எதுவும் வேண்டாம்) என்று வைக்க வேண்டும். அதை வைக்காவிட்டால் விரல் அசைந்ததும் 'இது பக்கத்தைத் தள்ளுகிற வேலை' என்று பிரவுசர் தானே எடுத்துக்கொள்ளும், நம் நிரலுக்கு 'பாயின்டர் கேன்சல்' என்று ஒரு செய்தி வந்து இழுவை பாதியில் அறுந்துபோகும். சில போனில் சில நேரம் மட்டும் இழுவை அறுகிறது என்று யாராவது சொன்னால் முதலில் இந்தப் பண்பைப் பாருங்கள். ஆனால் அதைப் பட்டியல் முழுவதற்கும் வைத்துவிடாதீர்கள், பக்கத்தையே நகர்த்த முடியாமல் போய்விடும். விரல் பட்டவுடன் நகராமல் 200 மில்லிசெகண்ட் பிடித்த பிறகு நகரும்படி தாமதமும் வைத்தேன். தொடுதிரைக்கு மட்டும் தாமதம், மவுஸுக்கு வேண்டாம் என்று சொல்லும் வசதி அதிலேயே இருக்கிறது. அழுத்திப் பிடிக்கும்போது எழுத்து தேர்வாகி நீலமாவதைத் தடுக்க, பிடியில் எழுத்துத் தேர்வையும் அணைத்தேன்.

பிடியை எங்கே வைப்பது என்று நான் உட்கார்ந்த இடத்திலிருந்து முடிவு செய்தது தப்பாகப் போனது. எல்லா ஆப்பிலும் வலது ஓரத்தில்தானே இருக்கிறது என்று வலது பக்கம் வைத்தேன். மறுபடி அச்சகத்துக்குப் போய், இந்த முறை எதுவும் பேசாமல், அண்ணனின் கையை மட்டும் ஒரு மணி நேரம் பார்த்தேன். இடது கையில் போன், வலது கட்டை விரல் திரையின் வலது ஓரத்திலேயே மேலும் கீழும் ஓடுகிறது. பக்கத்தைத் தள்ளுவதெல்லாம் அந்த ஓரத்தில்தான். நான் பிடியை வைத்திருந்ததும் அதே ஓரத்தில்தான். இடது பக்கம் மாற்றினேன். அளவையும் 16 பிக்சலிலிருந்து 48-க்கு ஏற்றினேன். இங்க் துடைத்த பிறகும் மெழுகு போலக் கிடக்கிற விரலுக்கு 16 பிக்சல் பிடி என்பது இல்லாததற்குச் சமம். அன்றைக்கு அந்த ஒரு மணி நேரத்தில் நான் கற்றது, அதற்கு முன் மூன்று வாரம் படித்ததைவிட அதிகம்.

சில சில்லறைத் தொல்லைகளையும் சொல்லிவிடுகிறேன். பட்டியலை டேபிளாகப் போட்டிருந்தால் இழுபடும் வரியின் கட்டங்கள் சுருங்கிப் போகும், இழுக்கும் நேரத்தில் ஒவ்வொரு கட்டத்துக்கும் அகலத்தை நாமே குறித்துவிட வேண்டும். பட்டியலைச் சுற்றியிருக்கும் பெட்டி ஏதாவது ஒன்றில் 'டிரான்ஸ்ஃபார்ம்' பண்பு இருந்தால் இழுபடும் வரி விரலை விட்டு விலகி வேறெங்கோ மிதக்கலாம். பட்டியல் நீளமென்றால் விரல் திரையின் விளிம்புக்குப் போகும்போது பக்கம் தானாக நகர வேண்டும், அதன் வேகத்தை மிதமாக வையுங்கள்.

சரி, இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். புரட்டாசி முழுவதும் எந்தப் புகாரும் இல்லை. ஐப்பசியில் ஒரு நாள் காலை ஆறு மணிக்குப் போன். "தம்பி, மேல ஒரு வரிசை காட்டுது, கீழ ஒரு வரிசை காட்டுது. பிளேட் ரூம்ல அவங்க லிஸ்ட்டைப் பார்த்து ஒரு ஜாப்புக்கு பிளேட் எடுத்து வெச்சிருக்காங்க, மெஷின்ல வேற ஜாப்புக்குப் பேப்பர் ஏத்தி நிக்கிறாங்க." சீசன் உச்சத்தில் நாலு மணி நேரம் மெஷின் சும்மா நின்றது. நான் பல் கூடத் துலக்காமல் லேப்டாப்பைத் திறந்தேன். என் கம்ப்யூட்டரில் அதே நிரல், அதே சோதனை, எல்லாம் சரியாக வந்தது. கை நடுங்கியது. மத்தியானம் வரைக்கும் காரணம் பிடிபடவில்லை.

காரணத்தைச் சொன்னால் எளிது. ஒருவர் ஒரு ஜாப்பை நகர்த்தியதும், மொத்தப் பட்டியலின் வரிசையையும் படிவமாகச் சர்வருக்கு அனுப்பும்படி எழுதியிருந்தேன். ஒவ்வொரு ஜாப்புக்கும் மூன்று தகவல்: ஜாப் எண், மெஷின் எண், வரிசை எண். பிஎச்பியில் 'மேக்ஸ் இன்புட் வார்ஸ்' என்று ஒரு அமைப்பு உண்டு. ஒரு படிவத்தில் எத்தனை தகவலை ஏற்றுக்கொள்ளலாம் என்ற உச்சவரம்பு அது, இயல்பாக 1000. அதற்கு மேல் வருவதைத் தூக்கிப் போட்டுவிடும், எச்சரிக்கையை லாக் என்ற பதிவுக் கோப்பில் எழுதிவிட்டு வேலையைத் தொடரும். 333 ஜாப் வரைக்கும் 999 தகவல். 334-ஆவது ஜாப்பில் எண் மட்டும் வந்து சேரும், மற்றது வராது. அதற்கப்புறம் உள்ளவை வரவே வராது. நான் 60 ஜாப் வைத்துச் சோதித்திருந்தேன். சீசன் ஏற ஏற ஜாப் எண்ணிக்கை 333-ஐத் தாண்டிய நாளிலிருந்து, பட்டியலின் கடைசியில் உள்ளவை பழைய வரிசை எண்ணோடும், முன்னால் உள்ளவை புது எண்ணோடும் கலந்து, ஒரே எண் இரண்டு மூன்று ஜாப்புக்கு வந்துவிட்டது. அதன் மேல் இன்னொன்று: ஒரே வரிசை எண் கொண்டவற்றை மைஎஸ்க்யூஎல் எந்த ஒழுங்கில் தரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அதனால்தான் மேலே ஒரு மாதிரியும் கீழே ஒரு மாதிரியும் தெரிந்தது.

வரம்பை 5000 ஆக்கினால் அன்றைக்கு ஓடிவிடும். அவசரத்துக்கு அதைத்தான் முதலில் செய்தேன். ஆனால் குறை வரம்பில் இல்லை. ஒரு ஜாப் நகர்ந்ததற்கு 400 ஜாப்பின் கதையை அனுப்பியதுதான் தப்பு. இப்போது அனுப்புவது ஒரே ஒரு செய்தி: இந்த ஜாப் எண் இந்த ஜாப்புக்கு அடுத்து வர வேண்டும். அதை ஜேசன் என்ற எளிய தரவு வடிவில் அனுப்புகிறேன், சர்வர்தான் எண்களைப் பார்த்துக்கொள்கிறது. வரிசை எண்களையும் 1, 2, 3 என்று நெருக்கமாக வைக்காமல் 1000, 2000, 3000 என்று இடைவெளி விட்டு வைத்தேன். இரண்டுக்கு நடுவில் ஒன்று வந்தால் 1500, அதற்கும் முன்னால் ஒன்று வந்தால் 1250. ஒரு நகர்வுக்கு ஒரு ஜாப்பின் எண்ணை மட்டும் திருத்தினால் போதும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நுழைத்தால் கிட்டத்தட்ட பத்துத் தடவையில் இடைவெளி தீர்ந்துவிடும், தீர்ந்ததும் அந்த மெஷினின் பட்டியலுக்கு மட்டும் மறுபடி ஆயிரம் ஆயிரமாக எண் கொடுத்துவிட வேண்டும். தசம எண்ணாக வைத்துப் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டே போகலாமே என்று தோன்றும். அதுவும் ஐம்பது தடவைக்குப் பக்கத்தில் துல்லியம் தீர்ந்து இரண்டு எண்ணும் ஒன்றாகிவிடும், அப்போது எந்த எச்சரிக்கையும் வராது. பட்டியலை எடுக்கும்போது வரிசை எண்ணுக்கு அடுத்தபடியாக ஜாப் எண்ணையும் ஒழுங்குக்குச் சேர்த்துவிடுங்கள். எப்போதாவது எண் மோதினாலும் எல்லாத் திரையிலும் ஒரே மாதிரி தெரியும்.

ஆபீஸில் கணக்குப் பார்க்கும் அக்கா ஒரு கம்ப்யூட்டரில், கீழே அண்ணன் போனில், இருவரும் ஒரே பட்டியலை மாற்றுகிறார்கள் என்பதையும் நான் ஆரம்பத்தில் யோசிக்கவில்லை. மொத்தப் பட்டியலை அனுப்பிய நாட்களில், கடைசியாக அனுப்பியவர் மற்றவர் செய்ததை அழித்துக்கொண்டிருந்தார். இப்போது பட்டியலுக்கு ஒரு பதிப்பு எண் இருக்கிறது. நான் பார்த்துக்கொண்டிருக்கும் பதிப்புக்கு அப்புறம் வேறு யாராவது மாற்றியிருந்தால் சர்வர் என் மாற்றத்தை ஏற்காது, புதுப் பட்டியலைக் காட்டி 'வரிசை மாறியிருக்கிறது, பார்த்து மறுபடி நகர்த்துங்கள்' என்று சொல்லும். மெஷினுக்குப் பின்னால் வைஃபை சரியாக எட்டாது, அதனால் நகர்த்தியது சேமிக்கப்படாமலே சேமித்தது போலத் தெரிந்துகொண்டிருந்தது. இப்போது சேமிக்கும்வரை அந்த வரி மங்கலாக இருக்கும், தோற்றால் பழைய இடத்துக்கே திரும்பி சிவப்பில் சொல்லும். யார், எப்போது, எந்த ஜாப்பை, எங்கிருந்து எங்கே நகர்த்தினார் என்று ஒவ்வொரு நகர்வையும் தனி அட்டவணையில் எழுதி வைக்கிறேன். இருபது வரி நிரல். அதை முதல் நாளே எழுதியிருந்தால் ஒரு மனிதர் முதலாளி முன்னால் சத்தியம் செய்ய வேண்டி வந்திருக்காது.

இழுக்காமல் பொத்தானைத் தட்டியும் நகர்த்த வழி வேண்டும் என்பது அந்த அக்காவால்தான் தெரிந்தது. அவருக்கு வலது மணிக்கட்டில் ரொம்ப நாளாக வலி. மவுஸ் பொத்தானை அழுத்திக்கொண்டே நகர்த்துவது அவருக்கு முடியாத வேலை. அதனால் இழுவை வந்த பிறகு, எதையாவது மாற்ற வேண்டுமென்றால் பக்கத்து மேஜைப் பையனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பழைய எண் கட்டத்தில் தானே மாற்றிக்கொண்டிருந்தவர், என் புது வசதி வந்ததும் இன்னொருவர் தயவை எதிர்பார்க்கும்படி ஆகிவிட்டது. யாரும் என்னிடம் சொல்லவில்லை, நான் அங்கே உட்கார்ந்திருந்தபோது பார்த்தேன். இதற்கு விதியே இருக்கிறது. 2023 அக்டோபரில் வெளியான டபிள்யூசிஏஜி 2.2 என்ற அணுகல் வழிகாட்டியில் 2.5.7 என்ற பகுதி, இழுத்துச் செய்யும் வேலையைப் பொதுவாக இழுக்காமல், தட்டியே செய்யவும் ஒரு வழி இருக்க வேண்டும் என்கிறது. தட்டும் இடம் பொதுவாகக் குறைந்தது 24-க்கு 24 சிஎஸ்எஸ் பிக்சல் இருக்க வேண்டும் என்பது அடுத்த பகுதி. ஒவ்வொரு வரியிலும் மேலே, கீழே என்று இரண்டு பொத்தான், 'முதலாவதாக வை' என்று ஒன்று, 'இத்தனையாவது இடத்துக்கு' என்று எண் போடும் கட்டம் ஒன்று வைத்தேன். உண்மையான பொத்தான்களாக இருப்பதால் கீபோர்டிலும் வேலை செய்யும். நகர்ந்த பிறகு 'ஜாப் இப்போது மூன்றாவது இடத்தில்' என்று, பார்வை இல்லாதவர்களுக்குத் திரையைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் படிக்கும்படி ஒரு அறிவிப்பு வரியும் உண்டு. பழைய கட்டுரைகளில் 'ஏரியா-கிராப்டு' என்ற பண்பைப் போடச் சொல்வார்கள், அதைக் கைவிட்டு வருடக்கணக்காகிறது, அதில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

பொத்தான் எல்லாம் எழுத ஒன்றரை நாள்தான் ஆனது. போட்ட மறு வாரம் நகர்வுப் பதிவைத் திறந்து பார்த்தேன். அண்ணன் செய்த நகர்வுகளில் பெரும்பாலானவை 'முதலாவதாக வை' பொத்தானில் வந்திருந்தன. யோசித்தால் நியாயம்தான். அவசர ஜாப் என்றால் முதலில் ஏற வேண்டும். இருநூறாவது இடத்தில் இருப்பதைப் பிடித்துத் திரை திரையாக இழுத்துக்கொண்டு வருவதைவிட ஒரு தட்டு தட்டுவது எவ்வளவோ லேசு. பக்கத்துப் பக்கத்து ஜாப்களை மாற்றத்தான் இழுக்கிறார். நான் பொத்தானை முதலில் போட்டுக் கொடுத்துவிட்டு, இழுவையை நிதானமாகப் பிற்பாடு சேர்த்திருக்க வேண்டும். அந்த நகைக்கடை காலண்டர் தாள்கள் வீணாகியிருக்காது.

கணக்கையும் ஒளிக்காமல் சொல்கிறேன். 15,000 பேசியதில் 11,500 கழிந்து 3,500 கைக்கு வந்தது. சிவகாசிக்குப் போய் வந்த பஸ் செலவு, சாப்பாடு மட்டும் இரண்டாயிரத்தைத் தாண்டும். மதுரையிலேயே ஒரு பள்ளிக்கூட வெப்சைட் 35,000 ரூபாய்க்குப் பேசி வைத்திருந்தேன், சொன்ன தேதிக்கு ஆரம்பிக்க முடியாததால் அவர்கள் வேறு ஆளிடம் போய்விட்டார்கள். ஐப்பசி வீட்டு வாடகைக்கு நண்பனிடம் 8,000 கடன் வாங்கினேன். வீட்டில் எதுவும் சொல்லவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு நான் போனில் ஒரு வரியை மேலும் கீழும் இழுத்துக்கொண்டிருப்பதைப் பார்த்து என்ன செய்கிறேன் என்று மனைவி கேட்டபோதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். சொன்ன பிறகு தூக்கம் வந்தது.

இப்போது இந்த மாதிரி வேலை வந்தால் விலை சொல்வதற்கு முன் சில கேள்விகள் கேட்கிறேன். பட்டியலில் அதிகபட்சம் எத்தனை வரி வரும், ஒரே நேரத்தில் எத்தனை பேர் மாற்றுவார்கள், பெரும்பாலும் எதை எங்கே நகர்த்துவார்கள், வரிசை தப்பினால் என்ன நஷ்டம். கடைசிக் கேள்விக்கு வரும் பதிலைப் பொறுத்துத்தான் விலையே. வீட்டில் துணி துவைக்கும் பட்டியலில் வரிசை தப்பினால் ஒன்றுமில்லை, அச்சகத்தில் தப்பினால் பிளேட்டும் தாளும் போகிறது. சோதனைக்கு அவர்கள் சொன்ன எண்ணிக்கையைப் போல மூன்று மடங்கு வரிகளை நிரப்பி, அவர்களுடைய போனை வாங்கி, அவர்கள் நிற்கும் இடத்தில் நின்று பார்க்கிறேன். விலைப்பட்டியலில் இதை ஒரே வரியாக எழுதுவதில்லை. பொத்தான்களால் நகர்த்துவது தனி, சேமிப்பும் மோதல் தடுப்பும் தனி, நகர்வுப் பதிவு தனி, மவுஸ் இழுவை தனி, விரல் இழுவை தனி.

போன மாசி மாதம் அண்ணாச்சி மறுபடி கூப்பிட்டார். ஒரு மெஷினின் பட்டியலிலிருந்து இன்னொரு மெஷினின் பட்டியலுக்கு ஜாப்பை இழுத்துப் போட வேண்டுமாம். "எத்தனை நாள் தம்பி?" என்றார். "ஒரு நாள் கீழே உட்கார்ந்து பார்த்துட்டுச் சொல்றேன் அண்ணாச்சி" என்றேன். காலை ஷிஃப்ட் முழுவதும் சூப்பர்வைசர் அண்ணன் பக்கத்தில் பேப்பர் கட்டின் மேல் உட்கார்ந்திருந்தேன். எட்டு தடவை ஜாப்பை மெஷின் மாற்றினார், எட்டும் பேப்பர் அளவு ஒத்துப்போன மெஷினுக்கு மட்டும்தான். ஆகவே எல்லா மெஷினையும் காட்ட வேண்டியதில்லை, அளவு ஒத்த மெஷின்களை மட்டும் பொத்தானாகக் காட்டினால் போதும், இழுவையே வேண்டாம். மத்தியானம் மேலே போய் ஏழு வரியில் விலை எழுதிக் கொடுத்தேன்: மொத்தம் 22,000, மூன்று வாரம். அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். படித்து முடித்துவிட்டு, "அட்வான்ஸ் எவ்வளவு தரணும்?" என்று கேட்டார்.